வழியில் வந்து சேரும் நாய்: நெடுந்தூரப் பாதயாத்திரைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தூரப் பாதயாத்திரைக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் காலணி, பை, தங்குமிடம், கொப்புளத்துக்கான களிம்பு ஆகிய எல்லாவற்றையும் பற்றி நாலு பேரிடம் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஓர் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டும்போது பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் நாயைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பல நாள் தனியே நடந்து களைத்த மனம் எளிதில் இளகிவிடும் என்பதால், அந்த நாயோடு உண்டாகும் ஒட்டுதல் வீட்டருகே திரியும் நாயோடு உண்டாவதைவிட வேகமாகவும் ஆழமாகவும் வந்துவிடுகிறது. அது நல்ல அனுபவம்தான்; ஆனால் நீங்கள் கடந்து போகிறவர், அந்த நாய் அங்கேயே வாழ்வது. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திப் பழகத் தெரிந்தால், இருவருக்கும் சேதமில்லாமல் சில மைல்களோ சில நாள்களோ சேர்ந்திருக்கலாம்.

பயணத்தில் நாய் தொடர்வது பழைய கதை. மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், பாண்டவர்களும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடந்த கடைசிப் பயணத்தில் ஒரு நாயும் கூடவே நடந்தது. அதை விட்டுவிட்டு விண்ணுலகத் தேரில் ஏற முடியாது என்று தருமன் மறுத்துவிட்டார். அந்த நாய் தருமதேவதையே என்று பிறகு தெரியவந்ததால் கதை இனிதாக முடிகிறது. நம்மோடு வரும் நாய்க்கு அப்படி வேடம் கலையும் காட்சி கிடையாது. நாம் ஊர் திரும்ப வண்டி ஏறும்போது அது சாலையோரம் நின்றுகொண்டிருக்கும்.

கிளம்புவதற்கு முன்

தெருநாய்கள் உள்ள பாதையில் பல நாள் நடக்கப்போகிறீர்கள் என்றால், ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கு முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நோய் எதிர்ப்பு ஆற்றலில் குறைபாடு இல்லாதவர்களுக்கு முதல் நாள் ஒன்றும் ஏழு நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு வருகைகளே போதும். இதைப் போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால் சிகிச்சையே வேண்டாம் என்று பொருளில்லை. ஊக்க ஊசிகள் கட்டாயம் வேண்டும். ஆனால் காயத்தில் செலுத்தும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து தேவைப்படாது. அந்த மருந்து பெரிய மருத்துவமனைகளிலேயே பல நேரம் கையிருப்பில் இருப்பதில்லை, நடைபாதையோரச் சிற்றூர்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே முன்தடுப்பூசியின் பயன் நடந்து போகிறவருக்கு மற்றவரைவிட அதிகம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் சேர்க்க வேண்டியவை சிலவே: ஒரு துண்டு சோப்பு, மடிக்கக்கூடிய சிறு கிண்ணம், வழக்கத்தைவிட ஒரு லிட்டர் கூடுதல் தண்ணீர், உண்ணி எடுக்கும் இடுக்கி, ஒன்றரை ஆள் நீளமுள்ள மெல்லிய கயிறு. நாய் பிஸ்கட்டை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

எந்த நாயோடு பழகக் கூடாது

பழகுவதற்கு முன் விலக்க வேண்டியவற்றை அறிந்துகொள்வது நல்லது. குட்டி போட்ட நாயின் அருகே, அது எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், போகக் கூடாது. தின்றுகொண்டிருக்கும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. ஆட்டு மந்தையோடு நிற்கும் காவல் நாய் தெருநாய் அல்ல; அது வேலையில் இருக்கிறது. மலைப்பாதைகளில் எதிர்ப்படும் அப்படிப்பட்ட பெரிய நாய்கள் உங்களுக்கும் மந்தைக்கும் நடுவே வந்து நின்று குரைத்தால், அது விலகிப் போகச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, மந்தையை ஊடறுக்காமல் நன்றாகச் சுற்றிப் போகவேண்டும். கழுத்துப்பட்டையோடு திரியும் நாய்க்கு அநேகமாக வீடு இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டு நடந்தால் யாரோ ஒருவர் மாலையில் அதைத் தேடுவார்.

காதையும் ஒரு முறை பாருங்கள். கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்களுக்குப் பல நாடுகளில் காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் இடுகிறார்கள். சில நாடுகளில் பிளாஸ்டிக் வில்லை மாட்டுகிறார்கள். அந்த அடையாளம் இருந்தால் அந்த நாயைப் பிடித்து, அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்ட ஓர் ஏற்பாடு அவ்வூரில் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பெரும்பாலும் அப்போதே தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்றாலும், அதை நம்பி நடந்துகொள்ளக் கூடாது; தடுப்பூசியின் பலன் காலாவதியாகும், காது வெட்டு ஆகாது.

முதல் சந்திப்பு

நாய் உங்களைப் பார்த்ததும் நில்லுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பார்வையை அதன் கண்ணில் பதிக்காமல் தரைப்பக்கம் தாழ்த்துங்கள். பழகிய நாயும் அதன் மனிதரும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரது உடலிலும் பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். அது வளர்த்தவருக்கும் வளர்ந்ததற்கும் இடையிலான நோக்கு. முன்பின் தெரியாத நாயை உற்றுப் பார்ப்பது அதற்குச் சண்டைக்கு அழைப்பது போலத்தான்.

கையில் தடி இருந்தால் அதை உயர்த்தாமல், உடலோடு ஒட்டித் தாழ்த்திப் பிடியுங்கள். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ என்ற கிறிஸ்தவத் திருத்தலத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்களுக்கு 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பிரசங்கம், யாத்திரிகரின் கைத்தடி ஓநாயிடமிருந்தும் நாயிடமிருந்தும் காப்பதற்கு என்றே விளக்கம் சொல்கிறது. நாய்களுக்கும் அந்த விளக்கம் அன்றிலிருந்தே தெரிந்திருக்கிறது போலும். தடியைச் சும்மா தோளுக்கு மாற்றினால்கூடச் சில நாய்கள் பத்தடி பின்வாங்கும்.

இதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதுதான் புதியவர்களுக்குக் கடினமான கட்டம். கூப்பிடாதீர்கள், நாக்கைச் சொடுக்காதீர்கள், மூக்குக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். கையை நீட்டி முகரக் கொடுக்க வேண்டும் என்று பலரும் சொல்லித் தருகிறார்கள். உங்கள் வாசனை நாய்க்குப் பல அடி தூரத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது, நீட்டிய கை அதற்கு மிரட்டலாகவே படும். கை தொங்கியபடி இருக்கட்டும். வர விரும்பும் நாய் வளைவாக, பக்கவாட்டில், தரையை முகர்ந்தபடி வரும். வர விரும்பாத நாய் வராது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவர் குழுவினரும் தெருநாய்களின் முன் கிண்ணங்களைச் சுட்டிக்காட்டி ஒரு சோதனை செய்து 2020இல் வெளியிட்டார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத அந்த நாய்களில் கிட்டே வந்தவற்றில் பெரும்பாலானவை சுட்டிய விரலைப் புரிந்துகொண்டு சரியான கிண்ணத்துக்குப் போயின. ஆனால் ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை, பதற்றத்தோடு விலகியே நின்றன. அவற்றுக்கு மனிதர்களோடு முன்பு கசப்பான அனுபவம் நேர்ந்திருக்கலாம். விலகி நிற்கும் நாயை உங்கள் அன்பின் ஆழத்தால் மாற்றிக் காட்ட நினைக்காதீர்கள். அதற்கு மாதங்கள் வேண்டும், உங்களிடம் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது.

உடல் சொல்வதைப் படித்தல்

வாலாட்டினால் நட்பு என்ற ஒற்றை விதியோடு கிளம்பியவர்கள்தான் அதிகம் கடிபடுகிறார்கள் என்பது என் எண்ணம். இடுப்பும் சேர்ந்து அசையும்படி தாழ்வாகவும் அகலமாகவும் ஆடும் வால் ஒன்று. விறைத்து உயர்ந்து நின்று நுனி மட்டும் வேகமாகத் துடிக்கும் வால் வேறொன்று. இரண்டாவது நாய் கிளர்ச்சியில் இருக்கிறது, என்ன செய்யும் என்று அதற்கே இன்னும் தெரியாது. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்ட நாய் பயந்திருக்கிறது. ஒதுங்க வழியில்லாத இடத்தில் பயந்த நாயும் கடிக்கும்.

வாலைவிட முகம் அதிகம் சொல்லும். தின்ன எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய உங்களைப் பார்ப்பது ஆகியவை எல்லாம் நாய் சங்கடத்தில் இருப்பதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் ஓரடி பின்வாங்குவதே மரியாதை. அசைந்துகொண்டிருந்த நாய் சட்டென்று சிலைபோல் உறைந்தால், அது எல்லாவற்றிலும் தீவிரமான எச்சரிக்கை. உறுமலைத் திட்டி அடக்காதீர்கள். உறுமும் நாய் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்திக் குனிந்தால் அது விளையாட்டுக்கு அழைப்பு.

கிட்டே வந்து உடலைச் சாய்த்து நிற்கும் நாயை மார்பிலோ தோளின் பக்கவாட்டிலோ மூன்று விநாடி தடவி, கையை எடுத்துவிடுங்கள். மறுபடி அதுவே முட்டி வந்தால் தொடரலாம். அசையாமல் நின்றாலோ விலகினாலோ அதோடு விட்டுவிடுங்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோவதும், குனிந்து கட்டிப்பிடிப்பதும், முகத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் படம் எடுப்பதும் நம் இனத்தின் அன்பு மொழி; நாய்க்கு அவை மூன்றும் அடைபட்ட உணர்வையே தரும்.

உணவு கொடுப்பதா, தடவுவதா

மேலே சொன்ன அதே குழுவினர் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு பாதயாத்திரிகர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. முன்பின் தெரியாத ஒருவர் மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது, உணவு கொடுத்துப் பழகியவரைவிடத் தடவிக்கொடுத்துப் பழகியவரிடம் தெருநாய்கள் அதிக நம்பிக்கை வைத்தன என்பது அதன் முடிவு. எலும்புத் துண்டுக்கு விசுவாசம் காட்டும் பிராணி என்று நாம் பேசிவருவதற்கு இது நேர்மாறானது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, பையில் பிஸ்கட் இல்லாவிட்டாலும் நட்புக்குக் குறைவில்லை. உணவை நீட்டினால் ஒரு நாய்க்குப் பதில் ஐந்து நாய்கள் வரும், அவை தங்களுக்குள் சண்டையிடும், அந்தச் சண்டையின் நடுவே உங்கள் கால் இருக்கும். தினமும் நூறு பேர் நடக்கும் பாதையில் நூறு பேரும் அள்ளி வீசினால், அடுத்த மாதம் வரும் யாத்திரிகரின் பையை நாய்கள் துரத்தும்; அதன்பின் ஊரார் நாய்களை என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது செய்தி சற்று உறுத்தலானது: தடவல் உணவைவிட ஆழமாகப் பதியும் என்றால், நாளை இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அதை மணிக்கணக்கில் கொடுப்பது நாய்க்குச் செய்யும் நன்மைதானா என்று யோசிக்கவேண்டும். நான் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறேன். ஓய்வெடுக்கும் வேளையில் அது வந்தால் தடவுவேன். நடக்கும்போது தடவுவதில்லை, பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை.

தண்ணீருக்கு மட்டும் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள்.

பசியால் துவண்டிருக்கும் நாய்க்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், உப்பும் காரமும் இல்லாத எளிய உணவைக் கையிலிருந்து ஊட்டாமல் தரையில் வைத்துவிட்டு விலகுங்கள். நடையர்கள் சுமந்து செல்லும் தின்பண்டங்களில் பாதி நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரியாது. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். சர்க்கரையில்லாச் சுவிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டால் சிறிதளவே போதும், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரியும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும். நொண்டுகிறதே என்று இரக்கப்பட்டு உங்கள் கால்வலிக்கு வைத்திருக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் நாய்க்கு நஞ்சே.

கூட நடக்கும்போது

தெருநாய்க்கு முகவரி இல்லை என்று நினைப்பது தவறு. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் சோறு கிடைக்கும் வாசல், வெயிலுக்கு ஒதுங்கும் நிழல், கூட்டாளிகள், பகையாளிகள் என எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான நாய்கள் அந்த எல்லை வரை வந்து, சற்று நின்று பார்த்துவிட்டு, தாமாகத் திரும்பிவிடும். அதுதான் சிறந்த பிரிவு. திரும்பிப் போகும் நாயைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்ச தூரம் வரவழைப்பதைப் போன்ற சுயநலம் வேறில்லை.

எல்லையைத் தாண்டியும் வரும் நாயிடம் மூன்று ஆபத்துகளை எதிர்பாருங்கள். முதலாவது வாகனங்கள்: ஊருக்குள் வண்டிகளுக்கு விலகத் தெரிந்த நாய்க்கு நெடுஞ்சாலை வேகம் தெரியாது. பெருஞ்சாலை ஓரம் நடக்கும் பகுதியில் கயிற்றைக் கழுத்தில் தளர்வாகப் போட்டு, வண்டிகள் வராத பக்கம் அதை நடத்துங்கள். கயிற்றுக்கு மிரளும் நாயை இழுக்காதீர்கள். அப்படிப்பட்ட நாயோடு சாலைப் பகுதிக்குள் நுழையாமல் இருப்பதே நல்லது. இரண்டாவது, அடுத்த ஊரின் நாய்கள். உங்களைத் தனியே விட்டிருக்கக்கூடிய கூட்டம், கூட வரும் அயல்நாயைக் கண்டதும் பாயும். அப்போது நாய்களுக்கு நடுவே கையைவிடாமல், நின்று, சத்தமின்றி, மெல்ல விலகுங்கள்; ஓடினால் துரத்தும், நாயையும் உங்களையும் சேர்த்து. மூன்றாவது வெயில். நாய்க்கு உடலைக் குளிர்விக்கும் வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில்தான் உண்டு. மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் அங்கே வேகும். நாக்கு நீண்டு அகன்று, எச்சில் கட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடலை நீரால் நனைத்துக் காற்றுபட விடுங்கள். உங்கள் அன்றைய இலக்கு அதோடு முடிந்தது.

மாலையானதும் தங்குமிடத்துக்குள் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். சக யாத்திரிகருக்கு நாயென்றால் பயமோ ஒவ்வாமையோ இருக்கலாம். போர்வைக்குள் ஏறும் உண்ணிக்கு யாரும் பேதமில்லை. தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள், ஏனெனில் நாயின் மயிரில் ஒட்டியிருக்கக்கூடிய புழு முட்டைகள் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரவில் காது மடிப்பு, அக்குள், முழங்கால் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள்.

கடித்துவிட்டால்

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. மனிதர்களுக்கு அது தொற்றுவதில் 99 சதவீதம் நாய்களால். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை, அதற்கு முன் சரியான சிகிச்சை கிடைத்தால் ஏறக்குறைய எவரும் இறப்பதில்லை. எனவே இந்தப் பகுதியில் மட்டும் உங்கள் அன்போ அனுமானமோ குறுக்கிட வேண்டாம்.

கடித்த உடனே காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனெனில் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். பொடி, எண்ணெய், மூலிகைச்சாறு எதையும் அப்ப வேண்டாம். பிறகு நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வராத சிறு பிறாண்டலுக்கும் தடுப்பூசி உண்டு. தோலைத் துளைத்த கடிக்கும், ஏற்கெனவே புண்பட்ட தோலையோ கண், வாய் போன்ற இடங்களையோ நாய் நக்கியதற்கும், முன்தடுப்பூசி போடாதவர் என்றால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். காலில் உடைந்த கொப்புளத்தோடு உட்கார்ந்திருக்கும் யாத்திரிகரின் பாதத்தை நாய் அன்போடு நக்குவது எவ்வளவு சாதாரணமான காட்சி என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் இந்தக் கடைசி வகையில்தான் சேரும்.

முன்தடுப்பூசி போடாதவருக்கு, தோலுக்குள் போடும் முறையானால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்றும், தசையில் போடும் முறையானால் அதோடு பதினான்காம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் இன்னொன்றும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை போகிறது. முதல் ஊசி நாளைச் சுழியம் என்று எண்ணவேண்டும். நடந்துகொண்டே இருப்பவருக்கு ஒவ்வோர் ஊசியும் ஒவ்வோர் ஊரில் வரும் என்பதால், ஊசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள், அந்தந்த நாளில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். உங்களால் அங்கே தங்கிப் பார்க்க முடியாது. நாயை அறிந்த ஊர்க்காரர் ஒருவரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு பத்தாம் நாள் விசாரிக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரிதலும் அழைத்துச் செல்லுதலும்

தானாகத் திரும்பாத நாயை என்ன செய்வது என்பதுதான் கடைசியாக எழும் கேள்வி. கல்லெறிந்து விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் கொடியவர்கள் அல்லர், அழுதுகொண்டே எறிந்தார்கள். ஆனால் அந்த நாய் அடுத்து வரும் யாத்திரிகரை எப்படி எதிர்கொள்ளும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. அரை நாள் தூரத்துக்குள் இருந்தால் திரும்பி நடந்து கொண்டுபோய் விடுங்கள். அது இயலாதென்றால், வந்து சேர்ந்த ஊருக்குத் தெரிவித்து எதிர்த்திசையில் போகும் வண்டி ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள். முன்பின் அறியாத வீட்டில் விட்டுவிட்டு வருவதை எளிய தீர்வாக எண்ண வேண்டாம். 2016இல் டியான் லெனார்ட் என்ற நெடுந்தூர ஓட்டக்காரரைக் கோபி பாலைவனத்து ஓட்டப்பந்தயத்தில் ஒரு சிறு தெருநாய் பின்தொடர்ந்தது. அவர் ஊர் திரும்பி அதை வரவழைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, உரும்சி நகரில் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருந்த இடத்திலிருந்து அது வெளியேறித் தொலைந்துபோனது. அவரே சீனாவுக்குத் திரும்பி வந்து பலர் உதவியோடு தேடிக் கண்டுபிடித்தார். அது பிரிட்டன் போய்ச் சேர்ந்தபோது 2017 ஜனவரி ஆகியிருந்தது.

எனவே அழைத்துச் செல்ல முடிவெடுத்தால், அது யாத்திரையின் கடைசி நாள் உணர்ச்சியில் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. முதலில் அந்த ஊரில் யாரேனும் அதற்கு உரிமையோ பாசமோ உள்ளவர்களா என்று விசாரியுங்கள். பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டி தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லும் ரேபிஸ் தடுப்பூசியும் போடுங்கள். எல்லை தாண்டுவதானால் காலத்தைக் கணக்கிடுங்கள்: ரேபிஸ் அதிகமுள்ள நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக, தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதைச் சோதித்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அந்த நான்கு மாதமும் நாய் எங்கே, யாரோடு, யார் செலவில் இருக்கும் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் அதன் கழுத்தில் பட்டையைக் கட்டுங்கள்.

விடை இல்லையென்றால், நாயின் ஊர்ப்பெயரையும் காது அடையாளத்தையும் குறித்துக்கொண்டு, காயமோ சொறியோ இருந்தால் அருகிலுள்ள விலங்குநல அமைப்புக்குத் தெரிவியுங்கள். பிரியும்போது குனிந்து நீண்ட நேரம் விடைபெறாதீர்கள். அது ஏதோ நடக்கப்போகிறதென்று பதறும். நாய் நிழலில் படுத்திருக்கும் வேளையாகப் பார்த்து, கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, ஓசையில்லாமல் பையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கிண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.